பழைய டீசல் ஜீப் வாங்குமுன் அதன் அடியில் படுத்துப் பாருங்கள்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். தாண்டிக்குடிப் பக்கம் ஐந்து ஏக்கர் காப்பித் தோட்டம். தார்ச்சாலை முடியும் இடத்திலிருந்து 4 கிலோமீட்டர் மண்பாதை. நடுவில் ஓர் ஓடை, கடைசியில் கல் உருளும் ஒரு செங்குத்தான ஏற்றம். உரமூட்டை மேலே ஏற வேண்டும், காப்பி மூட்டை கீழே இறங்க வேண்டும். கையில் 4 லட்சம் ரூபாய் இருக்கிறது. மூன்று வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள்: வத்தலக்குண்டில் ஒரு ஷெட்டில் நிற்கும் 1996 மஹிந்திரா எம்.எம்.540, டெல்லிப் பதிவோடு விலை மலிவாகக் கிடைக்கும் 2012 தார் சி.ஆர்.டி.இ., மதுரையில் ஒரே கையில் இருந்த 2008 டாடா சஃபாரி 4x4. "இந்த மூன்றில் எந்த எஞ்சின் நல்லது?" என்று கேட்டிருக்கிறீர்கள். அப்பாவும் ஓட்டுவார், அவருக்கு 66 வயது, முழங்கால் வலி உண்டு என்பதைக் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்.

கடைசி வரிக்குக் கடைசியில் வருகிறேன். எஞ்சினைப் பற்றிய கேள்வியை இப்போதைக்கு ஓரமாக வைத்துவிடுங்கள். பழைய ஃபோர் வீல் டிரைவ் (4x4, நான்கு சக்கரத்துக்கும் எஞ்சின் சக்தி போகும் வண்டி) வாங்குகிறவர்கள் எல்லோரும் முதலில் பானெட்டைத் திறக்கிறார்கள். விற்பவருக்கு அது தெரியும். அதனால்தான் எஞ்சினைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பார். எஞ்சின் போனால் சிலிண்டரைப் போர் அடித்து, பிஸ்டன் மாற்றி, ஹெட் வேலை பார்த்துத் திரும்ப ஓட்டலாம். சேசிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், போனால் வண்டியே போனது. ஆர்.சி. (பதிவுப் புத்தகம்) போனாலும் அப்படித்தான். இந்த இரண்டையும் எந்த மெக்கானிக்காலும் புதிதாகச் செய்து தர முடியாது.

இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போவதற்காக முதல் ஜீப் வாங்கியபோது எனக்கு இருபத்தேழு வயது. புரோக்கர் காட்டிய வண்டி அது. ஸ்டார்ட் செய்தால் முதல் சுற்றிலேயே பிடிக்கும், புகை கிடையாது, எண்ணெய்க் கசிவு ஒரு சொட்டு இல்லை. அடியில் சேசிஸுக்குப் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார்கள். "எவ்வளவு அக்கறையாக வைத்திருந்திருக்கிறார்கள்" என்று நான் மகிழ்ந்துபோனேன். எட்டாவது மாதம், ஆள் ஏற்றிக்கொண்டு ஒரு மேட்டில் லோ கியரில் ஏறும்போது பின்னால் டொக்கென்று ஒரு சத்தம். வண்டி நண்டு மாதிரி ஒரு பக்கமாக இழுத்தது. இறங்கிப் பார்த்தால் பின் கமான் பட்டையை (ஸ்பிரிங் பட்டையை) தாங்கும் ஹேங்கர், சேசிஸ் தகட்டோடு பிய்ந்து தொங்குகிறது. பெயின்டுக்கு உள்ளே தகடு வடாம் மாதிரி உதிர்ந்தது. வெல்டிங் வைத்தோம், மூன்று மாதத்தில் வெல்டிங்குக்கு அடுத்த விரற்கடையில் விரிசல் விட்டது. கடைசியில் எஞ்சினைத் தனியாக ஒருவருக்கு விற்றுவிட்டு மிச்சத்தை எடைக்குப் போட்டேன். எஞ்சின் இன்னும் எங்கோ ஓடிக்கொண்டிருக்கக்கூடும்.

ஆகவே வத்தலக்குண்டு போகும்போது ஒரு டார்ச், ஒரு சிறிய சுத்தியல், ஒரு ஸ்க்ரூ டிரைவர், விரித்துப் படுக்க ஒரு பழைய சாக்கு எடுத்துப் போங்கள். சேசிஸை முன்னிருந்து பின்வரை சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல தகடு கணீரென்று சொல்லும். உள்ளே துரு தின்ற இடத்தில் சத்தம் மழுங்கி, ஈர மண்ணில் தட்டிய மாதிரி வரும். கமான் பட்டையின் இரண்டு முனைகளும் சேசிஸோடு சேரும் இடங்கள், ஸ்டியரிங் பெட்டி போல்ட் ஆகும் இடம், குறுக்குச் சட்டங்கள் சேரும் மூலைகள், பாடி உட்காரும் ரப்பர்களைச் சுற்றிய பகுதி: இங்கெல்லாம் ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்து அழுத்திப் பாருங்கள். இறங்கினால் எழுந்து வந்துவிடுங்கள், பேரம் பேச வேண்டாம். தரையில் இருக்கும் ஓட்டை, கதவுத் தகரத்தின் துரு, கிழிந்த தார்ப்பாய் இதெல்லாம் விலையைக் குறைக்க உதவும் சமாச்சாரங்கள். சேசிஸ் துரு அப்படி அல்ல. அடியில் புதுப் பெயின்ட் இருந்தால் அதை அக்கறை என்று எடுத்துக்கொள்ளாமல் கேள்வி என்று எடுத்துக்கொள்ளுங்கள். பழைய வண்டியின் அடிப்பகுதியில் பழைய மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் ஒட்டிக்கொண்டிருப்பதுதான் இயல்பு. 

அடுத்தது காகிதம். தனியார் வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு. அதற்குப் பிறகு எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 1996 ஜீப் என்றால் 2011, 2016, 2021 என்று மூன்று முறை புதுப்பித்திருக்க வேண்டும், அடுத்தது 2026. இடையில் ஒரு தவணை விட்டுப்போயிருந்தால் அபராதமும் அலைச்சலும் யார் தலையில் என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பேசிவிடுங்கள். சேசிஸில் பொறித்த எண்ணைப் பென்சிலால் தேய்த்துக் காகிதத்தில் எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எஞ்சின் எண்ணையும் அப்படியே பார்க்க வேண்டும். மலைப்பக்கத்துப் பழைய ஜீப்புகளில் பாதிக்கு மேல் எஞ்சின் மாறியிருப்பதுதான் என் அனுபவம். அதே வகை எஞ்சினை ஆர்.டி.ஓ. அனுமதியோடு மாற்றிப் புத்தகத்தில் ஏற்றியிருந்தால் பிரச்சினை இல்லை. தயாரித்த நிறுவனம் குறிப்பிட்ட அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை விளக்கித் தீர்ப்பளித்திருக்கிறது. ஏதோ ஒரு வேன் எஞ்சினை வைத்து, எண்ணைத் தேய்த்து ஒட்டிய வண்டியை எஃப்.சி.க்குக் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

இந்த இடத்தில் நீங்கள் கேட்காத இரண்டு சங்கதிகள். வடக்கே ஹரியானாவில் மண்டி டப்வாலி என்ற ஊர் மாற்றிக் கட்டிய ஜீப்புகளுக்குப் பேர் போனது. படத்தில் பார்த்தால் நாக்கில் எச்சில் ஊறும்: அகல டயர், பளபளக்கும் பம்பர், நினைத்த நிறம். அங்கிருந்து லாரியில் ஏற்றி அனுப்புகிறார்கள். எந்த வண்டியின் புத்தகத்தை எந்த வண்டிக்கு வைத்திருக்கிறார்கள் என்று இங்கே கண்டுபிடிக்க முடியாது, ஆசைப்படாதீர்கள். இரண்டாவது, அரசுத் துறை ஏலம். முன்பெல்லாம் துறை ஜீப்புகளை ஏலத்தில் எடுத்து, பெயர் மாற்றி, இருபது ஆண்டு ஓட்டியவர்கள் உண்டு. 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவை 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்க முடியாது, அவை உடைப்புக்குத்தான் போக வேண்டும். "கவர்மென்ட் வண்டி, மலிவு" என்று யாராவது வந்தால் அந்த வழி அடைபட்டுவிட்டது என்று சொல்லிவிடுங்கள்.

டெல்லித் தார் ஏன் மலிவு என்ற உங்கள் சந்தேகத்துக்கும் விடை காகிதத்தில்தான் இருக்கிறது. (தார் என்று எழுதும்போதெல்லாம் ரோடா வண்டியா என்று குழப்பம் வரும். ரோட்டைத் தார்ச்சாலை என்றே எழுதுகிறேன்.) டெல்லியிலும் அதைச் சுற்றிய பகுதியிலும் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தடை உத்தரவு 2015இல் பசுமைத் தீர்ப்பாயத்தில் வந்தது, 2018இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அதனால் அங்கே பத்தாண்டை எட்டும் டீசல் வண்டியை விற்பவருக்கு வெளி மாநிலத்தைத் தவிர வேறு போக்கிடம் இல்லாமல் போயிற்று. வண்டியில் குறை இருப்பதால் மட்டுமே மலிவு என்று நினைக்க வேண்டியதில்லை. ஆனால் தடையில்லாச் சான்று உண்மையில் கொடுக்கப்பட்டிருக்கிறதா, உங்கள் வட்டார அலுவலகத்துக்கு எழுதப்பட்டிருக்கிறதா, கடன் பாக்கி ரத்தாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே வந்ததும் மறுபதிவும் ஆயுள் வரியும் கட்ட வேண்டும். இதையெல்லாம் கூட்டினால் மலிவில் பாதி கரைந்துவிடும். 2012 வண்டிக்கு 15 ஆண்டு 2027இல் முடிகிறது, அதையும் கணக்கில் சேருங்கள்.

இனி வண்டியின் வேலைக்கு வருவோம். உங்கள் ஏற்றத்தை ஏறப்போவது குதிரைத் திறன் அல்ல, பல்சக்கரக் கணக்கு. ஒரு பழைய ஜீப்பில் முதல் கியர் விகிதம் நான்கு, லோவில் (டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற துணைக் கியர்ப்பெட்டியின் மெதுவான நிலையில்) இரண்டரை, ஆக்சிலில் ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் பெருக்கினால் ஐம்பது. எஞ்சின் ஐம்பது சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. ஆக்சிலரேட்டரைத் தொடாமல் எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றில் சும்மா ஓடும்போது சக்கரம் 16 சுற்று. ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர் என்றால் நிமிடத்துக்கு 35 மீட்டர், அதாவது மணிக்கு 2 கிலோமீட்டரை ஒட்டிய வேகம். தலையில் மூட்டை வைத்திருப்பவர் மேடேறும் வேகம் அது. டீசல் எஞ்சின் அந்தச் சும்மா ஓட்டத்திலேயே இழுக்கும், திணறி அணையாது. லோ இல்லையென்றால் அதே எஞ்சின் மணிக்கு 5 கிலோமீட்டருக்கு மேல்தான் போகும். அந்த வேகத்தில் உருண்டைக் கல் மேட்டில் ஏற முடியாது, கிளட்சைப் பாதி அமுக்கிக்கொண்டே ஏறுவீர்கள், ஒரு பருவத்தில் கிளட்ச் பிளேட் கருகும். இறங்கும்போதும் இதுதான் கணக்கு. மூட்டையோடு ஈர மண்ணில் இறங்கும்போது பிரேக்கை மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். லோவில் முதல் கியர் போட்டு இரண்டு காலையும் பெடலிலிருந்து எடுத்து வண்டித் தளத்தில் வைத்துக்கொண்டு வண்டியை அதன் போக்கில் இறங்க விட வேண்டும். இதற்காகத்தான் ஃபோர் வீல் டிரைவ் வாங்குகிறோம். 62 குதிரையா 140 குதிரையா என்பதெல்லாம் மதுரை ரோட்டுக்கான பேச்சு.

அப்படியானால் அந்த லோ வேலை செய்கிறதா என்று பார்த்துத்தான் ஆக வேண்டும். லீவர் இருக்கிறது என்பதற்காக உள்ளே எல்லாம் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். டீசல் மிச்சம் என்று முன் சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றி ஓரமாகப் போட்டு ஆண்டுக்கணக்கில் ஓட்டிய வண்டிகள் நிறைய. கழற்றிய ஷாஃப்டைத் திரும்பப் பூட்டி விற்பார்கள். ஆண்டுக்கணக்காகச் சுற்றாத முன் ஆக்சில் பேரிங் முதல் மழைக்கே ஊளையிடும். வண்டியை மண் தரைக்குக் கொண்டுபோய், முன் ஹப் பூட்டு இருந்தால் பூட்டி, ஃபோர் வீல் லோ போட்டு, ஒரு மேட்டில் ஏறி நின்று, மெல்ல இறங்குங்கள். இறங்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டதும் லீவர் தானாகத் துள்ளி வெளியே வந்தால் டிரான்ஸ்ஃபர் கேஸின் பல்லோ ஃபோர்க்கோ தேய்ந்திருக்கிறது. ஒருவர் உள்ளே இருந்து ஓட்ட, நீங்கள் பக்கவாட்டில் நடந்து, முன் சக்கரமும் மண்ணைக் கிளறுகிறதா என்று கண்ணால் பாருங்கள். இந்தச் சோதனையைத் தார்ச்சாலையில் செய்யக்கூடாது. இந்த வண்டிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் (வளைவில் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பு) கிடையாது. பிடிப்புள்ள தரையில் வளைத்தால் உள்ளே முறுக்கேறி, லீவர் எடுக்க வராமல் சிக்கிக்கொள்ளும், அதிகம் போனால் ஷாஃப்டின் மூட்டான யு.ஜே. கிராஸ் ஒடியும். வாங்கிய பிறகும் இதை மறக்காதீர்கள்.

ஓடைக் கரையில் குறுக்காக ஏறும்போது ஒரு முன் சக்கரமும் எதிர்மூலையில் ஒரு பின் சக்கரமும் அந்தரத்தில் தொங்கும். அப்போது ஃபோர் வீல் போட்டும் வண்டி நகராது. சாதாரண டிஃபரன்ஷியல் சக்தியையெல்லாம் சுலபமாகச் சுற்றும் சக்கரத்துக்குத் தள்ளிவிடும், தரையில் இருக்கும் சக்கரம் சும்மா இருக்கும். முழு ஆக்சிலும் கமான் பட்டையுமாக வரும் எம்.எம்.540 போன்ற வண்டிகள் சக்கரத்தைக் கீழே நீட்டித் தரையைத் தொடுவதில் பரவாயில்லை. முன்பக்கம் தனித்தனியாக ஆடும் அமைப்புள்ள தார் சி.ஆர்.டி.இ.யும் சஃபாரியும் சக்கரத்தைச் சீக்கிரம் தூக்கிவிடும். தார்ச்சாலையில் அதே அமைப்புதான் சுகம் தருகிறது. இந்தத் தொல்லைக்கு மருந்து, ஓர் ஆக்சிலின் இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டும் டிஃபரன்ஷியல் லாக். 2013இல் வந்த ஃபோர்ஸ் கூர்க்காவின் 4x4இல் முன்னும் பின்னும் இரண்டு லாக் உண்டு, எஞ்சின் 2596 சி.சி., பழைய மெர்சிடிஸ் வடிவமைப்பின் வழிவந்த நிதானமான டீசல். 2015இல் மாற்றம் செய்யப்பட்ட தாரில் பின் ஆக்சிலுக்கு, சக்கரம் வழுக்கும்போது தானாகப் பூட்டிக்கொள்ளும் லாக் வந்தது. உங்கள் 2012 தாரில் அது இருக்காது. கூர்க்கா உங்கள் பட்டியலில் ஏன் இல்லை என்று தெரியவில்லை. கண்ணில் பட்டால் விடாதீர்கள். எண்ணிக்கையில் குறைவு என்பதால் உதிரிப்பாகத்துக்குக் காத்திருக்க நேரிடும் என்பதுதான் அதில் யோசிக்க வேண்டியது.

சரி, எஞ்சின். எம்.எம்.540இல் இருப்பது பெஜோ வடிவமைப்பிலான எக்ஸ்.டி.பி. 4.90, 2112 சி.சி., 62 குதிரைத் திறன். டீசலை நேராகச் சிலிண்டருக்குள் அடிக்காமல் முன்னறையில் எரிக்கும் வகை. சத்தம் மென்மை, குணம் நல்லது. ஆனால் குளிரில் ஹீட்டர் பிளக் இல்லாமல் ஸ்டார்ட் ஆகச் சண்டித்தனம் செய்யும். தாண்டிக்குடி மார்கழிக் காலைக்கு நாலு பிளக்கும் நன்றாக இருக்க வேண்டும். இதற்கு எதிர் ரகம் மஹிந்திராவின் 2523 சி.சி. டி.ஐ. (டீசலை நேராகச் சிலிண்டருக்குள் அடிக்கும்) எஞ்சின்: முரட்டுத்தனமாக உறுமும், அதிரும், ஆனால் ட்ராக்டர் வேலை தெரிந்த எவரும் பிரித்துப் பூட்டிவிடுவார். முதல் தாரின் டி.ஐ. ரகத்திலும் பல பொலேரோக்களிலும் இருப்பது இந்தக் குடும்பம்தான். தார் சி.ஆர்.டி.இ.யில் 2498 சி.சி., 105 குதிரை, சஃபாரியில் 2.2 லிட்டர் டைகோர், 140 குதிரை. இந்த இரண்டும் கம்ப்யூட்டர் சொல்லும்போது டீசல் அடிக்கும் வகை. ஓட்டச் சுகம், சிக்கனம், புகை குறைவு. கெட்டுப்போனால் ஸ்பேனரோடு ஸ்கேனரும் வேண்டும். கேனில் வாங்கி ஷெட்டில் வைத்த டீசலில் கொஞ்சம் தண்ணீர் இருந்தாலே இன்ஜெக்டர் மூக்கைச் சுளிக்கும், செலவு நாலு இலக்கத்தில் நிற்காது. பழைய பெஜோவோ டி.ஐ.யோ அதே டீசலைக் குடித்துவிட்டு இரண்டு முறை இருமி ஓடிவிடும். ஃபில்டரில் தண்ணீரை வடித்துக் காற்றை எடுத்தால் போதும். உங்கள் தோட்டத்துக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் மெக்கானிக் எந்த ரகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார் என்று அவரிடமே கேளுங்கள். அவருடைய பதில் என்னுடைய பதிலைவிட முக்கியம்.

எஞ்சின் சோதனைக்கு ஒரே ஒரு விதி: நீங்கள் போகும்போது வண்டி சூடாக இருக்கக்கூடாது. "வருவீர்கள் என்று ஸ்டார்ட் செய்து வைத்தேன்" என்றால் மறுநாள் சொல்லாமல் போங்கள். குளிர்ந்த எஞ்சினில் முதல் வெள்ளைப் புகை ஒன்றிரண்டு நிமிடத்தில் மறைய வேண்டும். நீலம் விடாமல் வந்தால் எண்ணெய் எரிகிறது. பாரத்தில் கறுப்பு என்றால் நாசிலோ பம்போ ஏர் ஃபில்டரோ, பெரும்பாலும் சிறு செலவு. சூடான பிறகு எஞ்சின் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து தலைகீழாக அதே வாயில் வைத்துப் பாருங்கள். லேசாக நடுங்கினால் சரி, பால் பொங்கித் தட்டைத் தள்ளுகிற மாதிரி தூக்கிப் போட்டால் பிஸ்டன் ரிங் போய்விட்டது. எண்ணெய்க் குச்சியில் காப்பியில் பால் கலந்த நிறம் தெரிந்தால் உள்ளே தண்ணீர் போகிறது. இந்தக் குறைகளில் எது இருந்தாலும் வண்டியை விட்டுவிட வேண்டியதில்லை, விலையைத்தான் குறைக்கச் சொல்ல வேண்டும். சேசிஸ் கணீரென்று ஒலித்த வண்டியில் எஞ்சின் தளர்ந்திருப்பது, வாங்குகிறவருக்கு ஒரு வகையில் அதிர்ஷ்டம்.

ஓடையைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். டீசலுக்குத் தீப்பொறி வேண்டாம் என்பதால் தண்ணீர் தெறித்து எஞ்சின் அணைவது பழைய டீசலில் இல்லை. காற்று உறிஞ்சும் வாய் மட்டும் தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும். ஒரு வாய் தண்ணீர் உள்ளே போனால் பிஸ்டனால் தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். யாரும் கவனிக்காத இடம் ஆக்சில் ஹவுசிங்கின் மேல் இருக்கும் சின்னஞ்சிறு ப்ரீதர், அதாவது காற்றுப் போக்கி. நான்கு கிலோமீட்டர் உழைத்துச் சூடான ஆக்சில் குளிர்ந்த ஓடையில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். ப்ரீதர் சேறு அடைத்துக் கிடந்தால் அந்தச் சுருக்கம் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். அடுத்த மழைக்குள் ஆக்சிலுக்குள் இருக்கும் கிரௌன் பினியன் பல்சக்கரம் மோர் மாதிரி வெளுத்த எண்ணெயில் ஓடித் தேய்ந்து முனகும். வாங்கும்போது ஆக்சிலின் எண்ணெய்த் துளையைத் திறந்து விரலை விட்டுப் பாருங்கள், நிறம் சொல்லிவிடும். வாங்கிய பிறகு ப்ரீதரில் ஒரு ரப்பர் குழாயை மாட்டி பானெட் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டிவிடுங்கள். செலவு ஒரு வேளைச் சாப்பாட்டுக்குமேல் ஆகாது. எம்.எம்.540 போன்றவற்றில் டிரம் பிரேக் நனைந்தால் பிடிக்காது. ஓடை தாண்டியதும் பிரேக்கை லேசாக மிதித்தபடி ஐம்பது அடி ஓட்டி உலர்த்திவிட்டுத்தான் அடுத்த இறக்கம்.

டயரில் அகலத்துக்கு ஆசைப்படாதீர்கள். பழைய ஜீப்பின் 6.00-16 ஒல்லி டயர் பார்க்க அழகில்லை, ஆனால் சேற்றை வெட்டிக்கொண்டு அடியில் இருக்கும் கெட்டித் தரையைத் தொடும். பெரிய டயர் போட்டால் மேலே போட்ட பெருக்கல் கணக்கு குலையும், பிரேக்கும் ஸ்டியரிங்கும் திணறும். டெல்லித் தாரில் அகல டயரும் உயர்த்திய பட்டையும் இருந்தால் பழைய டயரையும் பட்டையையும் கேட்டு வாங்குங்கள். பவர் ஸ்டியரிங் இல்லாத ஜீப்பில் கல்லில் ஏறும்போது கட்டை விரலை ஸ்டியரிங் வளையத்துக்கு உள்ளே கொடுக்காதீர்கள், விளிம்பின் மேலேயே வையுங்கள். சக்கரம் கல்லில் மோதினால் ஸ்டியரிங்கின் ஆரக்கால் சுழன்று வந்து விரலை ஒடிக்கும். என் இடது கட்டை விரல் இன்றும் மழை வருவதை முன்கூட்டியே சொல்கிறது.

மாருதி ஜிப்ஸி ஏன் கூடாது என்று உங்கள் நண்பர் கேட்டதையும் எழுதியிருந்தீர்கள். 1985இல் வந்த வண்டி, எடை குறைவு, மேட்டில் ஆடு மாதிரி ஏறும். தனியாளாகப் போய்வர அதைவிட நல்லது எனக்குத் தெரியாது. ஆனால் பெட்ரோல். மூட்டை ஏற்றி லோவில் தினம் ஊர்ந்தால் பெட்ரோல் கணக்கு காப்பிக் கணக்கைத் தின்றுவிடும்.

இனி மூன்று வண்டிகள். சஃபாரியை விட்டுவிடுங்கள். மதுரை போய்வர அருமையான வண்டி, உங்கள் மண்பாதைக்கு நீளம் அதிகம், சுமார் இரண்டு டன் எடை, ஃபோர் வீல் போடுவது சுவிட்சில். அந்த சுவிட்சுக்கும் மோட்டாருக்கும் வயதாகிவிட்டது. நடு ஓடையில் நின்றுகொண்டு ஒயரிங் தேட வேண்டாம். டெல்லித் தார் காகிதம் சரியாக இருந்தால் யோசிக்கலாம். ஆனால் பார்க்காமல், அடியில் படுக்காமல், படத்தை நம்பி முன்பணம் அனுப்பாதீர்கள். அங்கே போய்வரும் செலவுக்கு இங்கேயே தேனி, இடுக்கி பக்கம் தோட்டத்தில் உழைத்த ஒரு தாரைத் தேடலாம். கீறலும் சேறுமாக இருக்கும், இருந்தாலும் அதன் சரித்திரத்தை விசாரிக்க ஊரில் ஆள் இருக்கும். நீங்கள் ஒருவர் மட்டும் ஓட்டுவதாக இருந்தால், சேசிஸ் கணீரென்றால், புத்தகம் சுத்தமாக இருந்தால், அந்த எம்.எம்.540ஐ இன்றே எடுங்கள் என்பேன். 4 லட்சத்தையும் வண்டிக்கே கொடுத்துவிடாமல் ஒரு லட்சத்தைத் தனியாக வையுங்கள். முதல் ஆண்டில் கிளட்ச், யு.ஜே. கிராஸ், பட்டை புஷ், பிரேக், ரேடியேட்டர், டயர் என்று அது வரிசையாக வாய் திறக்கும்.

அப்பா இருக்கிறாரே. எம்.எம்.540இன் கிளட்ச் கனம், ஸ்டியரிங் அதைவிடக் கனம். காப்பிப் பழம் எடுக்கும் காலமும் வடகிழக்குப் பருவமழையும் ஒன்றின்மேல் ஒன்று விழும் மாதங்களில் ஒரு நாளைக்கு மூன்று நடை ஏறி இறங்க நேரிடும். முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பவர் ஸ்டியரிங் உள்ள தார்தான் சரி, கம்ப்யூட்டர் எஞ்சினோடு சேர்த்து அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். முடிவெடுக்குமுன் அவரையும் வத்தலக்குண்டுக்கு அழைத்துப் போங்கள். ஷெட் வாசலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பது போதாது, கொண்டை ஊசி வளைவுகளில் அரைமணி நேரம் அவரே ஓட்டட்டும். முழங்காலைப் பற்றி அன்று சாயங்காலம் கேட்காதீர்கள், ஜீப் ஓட்டிய சந்தோஷத்தில் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார். மறுநாள் காலையில், அவர் கட்டிலிலிருந்து எழுந்து நிற்கும்போது கேளுங்கள்.